பஸ் வராத ஊரில் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை

மலேசியாவின் தெற்குப் பேராக்கில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறுநகரிலிருந்து ஒரு தாய் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். கடிதத்தின் சுருக்கம் இது.

கணவருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை. இவர் டவுனில் ஒரு மினிமார்க்கெட்டில் காசாளர். மகள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். மகன் அடுத்த வருடம் முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டும். ஆறு வகுப்பையும் சேர்த்தால் அந்தப் பள்ளியில் 23 பிள்ளைகள்தான். நான்காம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் உட்காருகின்றன. வெண்பலகையின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் ஐந்து. ஒரு நாள் மகளின் கணக்கு நோட்டைப் புரட்டியபோது அவள் வலப்பக்கத்துக் கணக்கைப் போட்டு வைத்திருந்தாளாம். "ஏழில் ஆறு சரி. ஆனால் எது தன் பாடம் என்றே இவளுக்குத் தெரியவில்லையே" என்று வருந்துகிறார். அடுத்த வருடம் முதலாம் ஆண்டில் மகனோடு சேர இருப்பது இன்னொரு பிள்ளை மட்டும்.

டவுனில் 4 கிலோமீட்டர் தள்ளி, மலாய் மொழிவழி நடக்கும் ஒரு தேசியப் பள்ளியும் அதன் பக்கத்திலேயே ஒரு சீனப் பள்ளியும் இருக்கின்றன. 16 கிலோமீட்டர் தள்ளி, பெரிய ரோட்டோரத்தில், 300க்கு மேல் பிள்ளைகள் படிக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி. அங்கே போக வேன் காலை 5.40க்கு வரும், தலைக்கு மாதம் 150 வெள்ளி. இவர் வாயைத் திறந்ததும் வீட்டிலும் வெளியிலும் எதிர்ப்பு. மாமியார், "நாலு தலைமுறை படிச்ச பள்ளி, அதை விட்டுட்டுப் போறதா?" என்கிறார். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஒரு படி மேலே போய், "நீங்க ரெண்டு பேரை எடுத்தா பள்ளியை மூடிடுவாங்க, அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்" என்று சொல்லிவிட்டார். சங்கத்தின் கையெழுத்து இல்லாமல் பள்ளி மாற்றுக் கடிதம் கிடைக்காது என்றும் யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள்.

இதனால் மனம் வெறுத்து, புலனக் (வாட்ஸ்அப்) குழு ஒன்றில் சில தாய்மார்களோடு சேர்ந்து ஒரு மனுவைத் தயாரித்திருக்கிறார். அரசாங்கம் ஒவ்வொரு பிள்ளைக்கும் செலவழிக்கும் பணத்தைப் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும், எந்தப் பள்ளி என்பதை நாங்களே முடிவு செய்வோம் என்பது கோரிக்கை. பதில் வராவிட்டால் ஒரு வாரம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல், சீருடையோடு கல்வி இலாகா முன் நிற்க வைப்பதாகத் திட்டம். "எனக்கு உரிமை இருக்கிறதா? என் பிள்ளைகளை எங்கே போடட்டும்?" என்று கேட்டு முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். கடிதம் முழுக்க இரண்டும் பின்னிக் கிடப்பதால்தான் உங்களுக்கு மூச்சு முட்டுகிறது. உங்கள் இரண்டு பிள்ளைகள் எங்கே படிப்பது என்பது ஒன்று. அதற்குச் சில மாதங்களில் முடிவு வேண்டும். நாட்டின் கல்விக் கொள்கை எப்படி மாற வேண்டும் என்பது மற்றது, அதற்கு வருடக்கணக்காகும். இரண்டாவது காரியத்துக்கு உங்கள் பிள்ளைகளைக் கருவியாக்க வேண்டாம். பள்ளியைக் காப்பாற்ற அவர்களை அங்கேயே நிறுத்தி வைக்கச் சொல்வதும், அரசாங்கத்துக்குப் பாடம் புகட்ட அவர்களை வெயிலில் நிறுத்துவதும் எனக்கு ஒன்றுதான்.

யாருடைய கையெழுத்தும் தேவையில்லை

முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் 1998ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ் இயங்கும் ஓர் அமைப்பு. பள்ளிக்குத் துணை நிற்பது அதன் வேலை. ஒரு பிள்ளை எங்கே படிக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. முதலாம் ஆண்டுப் பதிவு இணையம் வழியாக நடக்கிறது. தேசியப் பள்ளியா, தமிழ்ப்பள்ளியா, சீனப் பள்ளியா என்பதைப் பெற்றோரே குறிப்பிடுகிறீர்கள். மகளை மாற்றுவதென்றாலும் விண்ணப்பிக்க வேண்டியவர் நீங்கள்தான். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக "முடியாதும்மா" என்று சொல்லி அனுப்பினால், கேட்ட தேதியையும் சொன்னவரின் பதவியையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள். அரசாங்க அதிகாரியின் முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்க நினைத்தால், முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 3 மாதத்துக்குள் சீராய்வு மனு போட வேண்டும். உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகாது என்பது என் கணிப்பு. ஆனால் தேதியைக் குறித்து வைக்கும் பழக்கம் எங்கேயும் வீண்போகாது.

அதே சமயம், உங்கள் மனுவில் இருக்கும் ஒரு வரியைத் திருத்தியாக வேண்டும். "விரும்பிய பள்ளியைத் தேர்ந்தெடுப்பது எங்கள் அரசியலமைப்பு உரிமை" என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டரசு அரசியலமைப்பில் அப்படி ஒரு வாசகம் கிடையாது. 12ஆவது பிரிவு, கல்வியில் மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 152ஆவது பிரிவு, மலாய் தேசிய மொழி என்று சொல்லிவிட்டு, வேறு எந்த மொழியையும் கற்பதையோ கற்பிப்பதையோ தடுக்கக் கூடாது என்கிறது. பிள்ளைக்கான கல்வியைத் தேர்ந்தெடுப்பதில் பெற்றோருக்கே முன்னுரிமை என்னும், அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தின் 26ஆவது பிரிவை நீங்கள் மேற்கோள் காட்டியிருப்பது அழகுதான். ஆனால் அந்தப் பிரகடனம் நம்மைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று சீன மொழிவழிப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுமதி கேட்டுத் தொடுக்கப்பட்ட மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கிலேயே, 1980களின் தொடக்கத்தில், நம் நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது.

அதே வழக்கில்தான் இன்னொரு கேள்வியும் கிளம்பியது. ஒரு மொழியைக் கற்பிப்பது வேறு, அந்த மொழியில் கற்பிப்பது வேறு என்று நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது. தமிழ்ப்பள்ளியும் சீனப் பள்ளியும் அரசியலமைப்புக்கு ஏற்றவைதானா என்று பல வருடங்கள் கழித்துச் சிலர் வழக்குப் போட்டதற்கு அந்த வித்தியாசம் ஒரு பிடியாக இருந்தது. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அவை செல்லும் என்றது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்தது. ஆக, "தமிழ்ப்பள்ளியே சட்டத்துக்குப் புறம்பாம்" என்று உங்கள் புலனக் குழுவில் சுற்றும் அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். இன்னும் ஒன்று: தேசிய வகைப் பள்ளியை, அதாவது தமிழ், சீனப் பள்ளிகளை, தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21(2) பிரிவு அமைச்சருக்குக் கொடுத்திருந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை.

பள்ளி உங்களால் மெலியவில்லை

"அந்தப் பாவம் உங்களைச் சேரும்" என்ற பேச்சு என்னைக் கோபப்படுத்தியது. நானும் தோட்டத்துப் பிள்ளை. அப்பா பால்மரம் வெட்டினார். எங்கள் லயத்துக்கும் பள்ளிக்கும் நடுவே கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆயக்கொட்டகையும் ஒரு சாமிமேடையும்தான். அந்தப் பள்ளி எப்படி வந்தது தெரியுமா? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தது. துரைகள் பாசத்தால் கட்டவில்லை. கிராணி தலையை எண்ணிக் கணக்குக் கொடுத்ததால் கட்டினார்கள். சுதந்திரத்தின்போது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520க்குச் சற்று மேல். இடையில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும், அந்தக் குறைந்த ஆளும் வெளிநாட்டிலிருந்து வந்தது. நம் சனம் தாமான்களுக்கு, டவுன் பக்கத்து வீடமைப்புப் பகுதிகளுக்கு, குடிபெயர்ந்தது. பள்ளிக் கட்டடம் மட்டும் காட்டுக்கு நடுவே நின்றுவிட்டது. இந்த நூறு வருடக் கணக்கை ஒரு மினிமார்க்கெட் காசாளரின் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

மூடிவிடுவார்களா? 1996 கல்விச் சட்டத்தில், இத்தனை பேருக்குக் கீழே போனால் மூடு என்று ஓர் எண் கிடையாது. 150க்குக் கீழ் பிள்ளைகள் உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அமைச்சு வகைப்படுத்துகிறது. மிகவும் சிறியவற்றில் வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறது. உங்கள் மகளின் வெண்பலகைக் கோடு அப்படி வந்ததுதான். தமிழ்ப்பள்ளிகளைப் பொறுத்தவரை பிள்ளைகள் அற்றுப்போகும் நிலை வந்தால், பள்ளியின் உரிமத்தை நம்மவர் அதிகம் குடியிருக்கும் இடத்துக்கு மாற்றுவது பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. பெட்டாலிங் ஜெயாவின் பண்டார் உத்தாமாவில், அடுக்குமாடிகளுக்கும் பேரங்காடிக்கும் அருகே, எஃபிங்ஹாம் தோட்டத்தின் பெயரோடு ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. தோட்டம் போய்விட்டது, பெயர் பள்ளியில் இருக்கிறது. ஆகவே உங்கள் சங்கத் தலைவரின் உண்மையான கவலை பள்ளி இடம் மாறிவிடுமே என்பதாக இருக்கலாம். அது மதிக்கத்தக்க கவலை. அதற்கு அவர் செய்ய வேண்டியது உங்களைச் சபிப்பது அல்ல. பள்ளி நிலம் இன்னும் தோட்டக் கம்பெனியின் பெயரில் இருக்கிறதா, பள்ளிக்கென்று தனிப் பட்டா பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டித் தேடல் போட்டால் யாரும் பார்க்கலாம். இதுவரை ஒருவராவது பார்த்தாரா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த பல ஊர்களில், மேடை போட்டுப் பேசியவர்கள் உண்டு. அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தவர் இல்லை.

அந்த 13 பிள்ளைகள்

கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு தகவல் சொல்லியிருக்கிறீர்கள்: "டவுன் தேசியப் பள்ளியில் 13 தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் அங்கே தமிழ் சொல்லித்தருவதில்லை, அதனால் மனசு வரவில்லை." எனக்கு அதுதான் கடிதத்திலேயே முக்கியமான வரி.

தேசியப் பள்ளி என்றால் என்ன என்று விளக்கும் இடத்திலேயே 1996 கல்விச் சட்டம் சொல்கிறது: குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அங்கே தமிழோ சீனமோ கற்பிக்க வசதி செய்யப்பட வேண்டும். தேசிய இடைநிலைப்பள்ளிக்கும் இதே விதிதான். 13 பிள்ளைகளோடு உங்கள் இருவரைச் சேர்த்துப் பாருங்கள். இருவரையும் அங்கே போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுகிறேன். அந்த 13 பெற்றோரில் எத்தனை பேருக்கு இந்த விதி தெரியும்? தலைமையாசிரியரிடம் 15 கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம் போனால், ஆசிரியர் இல்லை என்ற பதில் வரலாம். வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது, உங்கள் தோட்டப்பள்ளியில் இருக்கும் ஆசிரியரில் ஒருவர் வாரத்தில் சில மணி நேரம் அங்கேயும் வந்து கற்பிக்கலாமே என்று மாவட்டக் கல்வி அலுவலகத்திடம் கேட்கலாம். 4 கிலோமீட்டர் தூரத்தை ஆசிரியர் மோட்டாரில் கடப்பதா, 15 பிள்ளைகள் வேனில் கடப்பதா?

தமிழ்ப்பள்ளியில் படித்தால் இடைநிலைப்பள்ளியில் ஒரு வருடம் வீண் என்று உங்கள் தோழி சொன்னதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அந்த ஒரு வருடம், படிவம் ஒன்றுக்கு முன் வரும் புகுமுக வகுப்பு. அது மலாய் மொழியில் போதிய அடைவு இல்லாத பிள்ளைகளுக்கு. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த எல்லாரையும் அதில் உட்கார வைப்பதில்லை. நான் உட்கார்ந்தேன், ஒரு முழு வருடம். மலாய் அப்போதுதான் வந்தது, வெட்கமும் அப்போதுதான் போனது. ஆனால் என் மகள் நேராகப் படிவம் ஒன்றுக்குப் போனாள். ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டதால் இப்போது மற்ற மதிப்பீடுகளைத்தான் பார்க்க வேண்டும். அடுத்த முறை ஆசிரியரைச் சந்திக்கும்போது மகளின் மலாய் மொழித் தேர்ச்சி நிலை என்ன என்று மட்டும் கேளுங்கள்.

கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் இருந்தால் இங்கேயே விட்டுவிடுவேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2016இல் தொடங்கிய இருமொழிப் பாடத்திட்டத்துக்கு நான்கு நிபந்தனைகள்: போதிய வசதி, ஆசிரியரும் தலைமையாசிரியரும் தயாராக இருப்பது, பெற்றோரின் சம்மதம், மலாய் மொழி அடைவு தேசியச் சராசரிக்குக் குறையாமல் இருப்பது. 23 பேர் படிக்கும் பள்ளியில் ஒரு வீட்டுக்கு வேண்டும், இன்னொரு வீட்டுக்கு வேண்டாம் என்றால் வெண்பலகையில் மூன்றாவது கோடா போடுவார்கள்?

பணத்தைக் கையில் கொடு என்பது

இந்த யோசனை உங்களுடையது மட்டும் அல்ல. 1955இல் மில்டன் ஃபிரீட்மன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதை எழுதினார்: பள்ளிக்குப் பணம் கொடுக்காதே, பெற்றோருக்குச் சீட்டுக் கொடு, பள்ளிகள் பிள்ளைகளைப் பிடிக்கப் போட்டி போடட்டும் என்று. சிலி நாடு 1981இல் செய்தது, சுவீடன் 1992இல் செய்தது. இரண்டு இடத்திலும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு விரிந்தது உண்மை. சிலியில் பள்ளிகளும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தன. வசதியானவர் மேலே காசு கட்டினார், இல்லாதவர் மிச்சமிருந்த பள்ளியில் ஒதுங்கினார். 2015இல் சட்டம் போட்டு அந்தப் பிள்ளைப் பொறுக்கலையும், இலாப நோக்கையும், கூடுதல் கட்டணத்தையும் விலக்க வேண்டியதாயிற்று.

ஆனால் நான் சொல்ல வருவது சிலிக் கதை அல்ல. உங்கள் ஊரில் அந்தச் சீட்டை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பீர்கள்? புதுப் பள்ளி திறக்க யாராவது செம்பனைக்கு நடுவே வருவார்களா? கோலாலம்பூரில் ஒரு தாய்க்கு அந்தச் சீட்டு ஐந்து கதவைத் திறக்கும். உங்களுக்கு இப்போதுள்ள அதே நான்கு கதவுதான், அவற்றுக்குப் போக அதே வேன்தான். இப்போதே பள்ளிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு மானியம் வருகிறது. அது பிள்ளையோடு சேர்ந்தே நகர்கிறது. ஆசிரியர் சம்பளம் மட்டும் தலைக்கணக்கில் வருவதில்லை, பணியிடத்துக்கு வருகிறது. அதனால்தான் 23 பேர் படிக்கும் பள்ளி இன்னும் உயிரோடு இருக்கிறது. முழுப் பணத்தையும் தலையில் கட்டிவிட்டால் முதலில் விழுவது உங்கள் பள்ளி. மாமியாரிடம் என்ன சொல்வீர்கள்?

பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பவள் அல்ல நான். உங்களிடம் இல்லாமல் இருப்பது உரிமை அல்ல, வண்டி. 150 வெள்ளி இருவருக்கென்றால் மாதம் 300. பள்ளித் தொடக்க உதவியாக அரசாங்கம் வருடத்துக்கு ஒரு முறை பிள்ளைக்கு 150 வெள்ளி கொடுக்கிறது. உங்கள் வேனுக்கு அது ஒரு மாதக் காசு. மனுவை இதன் மேல் கட்டுங்கள். சிறிய பள்ளி உள்ள தோட்டப்புறத்தில், பெற்றோர் வேறு பள்ளியை, அது எந்த மொழிப் பள்ளியானாலும், தேர்ந்தெடுத்தால் போக்குவரத்துக்கு உதவி வேண்டும். முதலாம் ஆண்டுப் பதிவின்போதே 15 பெற்றோர் விதி எல்லாப் பெற்றோருக்கும் சொல்லப்பட வேண்டும். இந்தப் பள்ளியை இங்கேயே வைப்பதா, டவுனுக்கு மாற்றுவதா என்ற திட்டத்தைப் பெற்றோர் முன் வைத்துப் பேச வேண்டும். பள்ளி டவுனுக்கே வந்துவிட்டால், அந்த 13 பேரில் சிலராவது அங்கே வருவார்கள் என்று நினைக்கிறேன். அப்போது உங்கள் சங்கத் தலைவரும் நீங்களும் ஒரே பக்கத்தில் நிற்பீர்கள்.

மறியலை விட்டுவிடுங்கள்

இதைச் சுருக்கமாகவும் கண்டிப்பாகவும் சொல்கிறேன். ஆரம்பக் கல்வி 2003 முதல் கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமலோ, சேர்த்துத் தொடர விடாமலோ இருக்கும் பெற்றோருக்குக் கல்விச் சட்டத்தின் 29ஏ பிரிவு 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஒரு வாரம் அனுப்பாததற்காக உங்களைச் சிறையில் போடுவார்கள் என்று நான் பூச்சாண்டி காட்டவில்லை. ஆனால் நீங்களே விளம்பரம் செய்துவிட்டு அதைச் செய்தால், கோரிக்கையை விட்டுவிட்டு உங்கள் குற்றத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

சீருடையில் பிள்ளைகளை நிறுத்துவது அதைவிட ஆபத்து. 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்தின்கீழ், இப்படிப்பட்ட கூட்டத்துக்கு 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை அழைத்து வருவதே குற்றம். பள்ளியும், பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் உள்ள இடமும் தடை செய்யப்பட்ட இடங்கள். பெரியவர்கள் மட்டும் கூடுவதென்றாலும் போலீசுக்கு 5 நாள் முன்பே அறிவிக்க வேண்டும்.

மனுவின் வாசகத்திலும் இரண்டு இடத்தில் சிவப்பு மை போட்டிருக்கிறேன். மூன்றாம் பத்தியில் மற்ற இனத்தோடு ஒப்பிட்டு எழுதியிருக்கும் வரியை எடுத்துவிடுங்கள். அரசியலமைப்பின் 152, 153ஆவது பிரிவுகள் பாதுகாக்கும் தேசிய மொழியையோ, மலாய்க்காரர், சபா சரவாக் பூர்வகுடியினரின் சிறப்பு நிலையையோ கேள்விக்குள்ளாக்கினால் தேசநிந்தனைச் சட்டம் பாயும். உங்களுக்கு வேண்டியது வேன்தானே. அந்த வரி அதற்கு உதவாது. அடுத்து, தலைமையாசிரியரின் பெயரைப் போட்டு "பள்ளிக்கே வருவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதையே மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு, நீங்கள் கண்ட நாள்களைக் குறித்து, நல்லெண்ணத்தோடு புகாராக அனுப்பினால் சட்டம் உங்களுக்கு ஓரளவு நிழல் தரும். முகநூலில் போட்டால் அவதூறு வழக்கை நீங்களே வீட்டுக்கு அழைத்ததாகும்.

மனுவை முதலில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். தோற்றாலும் பரவாயில்லை, கூட்டக் குறிப்பில் ஏறிவிடும். நகலைப் பள்ளி மேலாளர் வாரியத்துக்கும், மாநிலக் கல்வி இலாகாவுக்கும், உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள். நாடாளுமன்ற உறுப்பினர் அவையில் கேள்வியாகக் கேட்டால் அமைச்சு பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் எழுத்தில் பதிவாகும்.

பிள்ளைகளுக்கு

என் கருத்தைச் சொல்லாமல் நழுவ மாட்டேன். இருவருக்கும் ஒரே முடிவு வேண்டும் என்று நீங்கள் நினைப்பதுதான் சிக்கல். மகளை அங்கேயே விடுங்கள். பக்கத்து வகுப்புக் கணக்கைக் காதில் வாங்கி, ஏழில் ஆறு சரியாகப் போடும் பிள்ளை எது தன் பாடம் என்று தெரியாமல் இல்லை. தன் பாடம் அவளுக்குப் போதவில்லை. அதை ஆசிரியரிடம் சொல்லுங்கள். பாதி வழியில் புது மொழிச் சூழலுக்கு மாற்ற இது காரணமாகாது. ஆறாம் ஆண்டு முடிய இன்னும் இரண்டு வருடம்தான்.

மகன் விஷயம் வேறு. முதலாம் ஆண்டில் இரண்டே பேர். சண்டை போட்டுப் பேசாமல் இருந்தால்கூட வேறு ஆள் கிடையாது. அவனுக்குக் கூட்டம் வேண்டும். 16 கிலோமீட்டர் தமிழ்ப்பள்ளி மேல்தான் என் மனம் சாய்கிறது. ஆனால் அந்த 5.40 வேனை நான் பார்த்ததில்லை, நீங்களும் ஏறியதில்லை. வேன்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு காலையில் நீங்களே ஏறிப் போங்கள். எத்தனை பிள்ளைகள், இருக்கைப் பட்டி இருக்கிறதா, லோரிகள் ஓடும் அந்தப் பெரிய ரோட்டில் பிள்ளையை எந்தப் பக்கத்தில் இறக்குகிறார், திரும்பி வரும்போது மணி எத்தனை, எத்தனை பேர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள் என்று பாருங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் 4 கிலோமீட்டர் தேசியப் பள்ளி, 15 கையெழுத்தோடு. மகன் மட்டும் போனால் 14தான், இன்னும் ஒரு பிள்ளையின் பெற்றோரைத் தேட வேண்டும். அங்கே சேர்ப்பது தமிழுக்குத் துரோகம் என்று மாமியார் சொன்னால், முதல் கையெழுத்தை அவரிடமே கேளுங்கள். பெற்றோர் கணக்கில் அது சேராது, ஆனால் அவர் போட்டால் வீடு அமைதியாகும். சீனப் பள்ளியைப் பற்றி நீங்களே இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். வீட்டுப்பாடத்தைப் பார்த்துச் சொல்லித்தர வீட்டில் யாரும் இல்லையென்றால், அந்த இரண்டு வரியே போதும்.

மனுவின் அடுத்த வரைவை அனுப்புங்கள், படித்துத் தருகிறேன். தலைமையாசிரியர் பெயர் இல்லாமல்.